வெட்கப்பட்டு மறைக்கும் நோய்: ஆண்குறிப் புற்றுநோய்

வயல் வேலை செய்யும் ஐம்பத்தைந்து வயதான ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருடைய ஆண்குறியின் நுனியில், முன்தோலுக்குக் கீழே, ஒரு சிறு தடிப்பு உண்டாகிறது. நோவில்லை. கிணற்றடியில் குளிக்கும்போது கையில் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். சில மாதங்களில் அது புண்ணாகி நீர் கசிகிறது. கெட்ட மணமும் வருகிறது. சாரத்தில் கறை படிகிறது. மனைவி காணாதபடி அவரே சாரத்தைக் கழுவிக் காயப்போடுகிறார். பார்மசியில் "கடிக்கு" என்று சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் பூசுகிறார். அரிப்புக் கொஞ்சம் குறைகிறது, புண் ஆறவில்லை. இப்படியே ஒரு வருடம் போய்விடுகிறது.

இவர் நாம் கற்பனை செய்துகொண்ட மனிதர். ஆனால் இவரைப் போலப் பிந்தி வருபவர்களை எல்லா நாட்டு வைத்தியர்களும் காண்கிறார்கள். ஏன் பிந்துகிறார்கள்? முதலாவது, வெட்கம். தாதிமார் நிற்கும் இடத்தில் சாரத்தைக் களைவதை அவர்களால் எண்ணிப் பார்க்கவே முடிவதில்லை. இரண்டாவது, பழிச்சொல். "எங்கே போய் வாங்கி வந்தாய்?" என்று வீடும் ஊரும் கேட்கும் என்ற பயம். மூன்றாவது, "வெட்டி எறிந்துவிடுவார்கள்" என்ற பயம்.

இம்மூன்று பயங்களும் எவருக்கும் வரக்கூடியவையே. ஆனால் இந்த நோயில் பெருங்கேட்டைச் செய்வது தாமதம்தான். உறுப்பை இழந்துவிடுவோம் என்று பயந்து பிந்துகிறவரே அதை இழக்க நேரிடுகிறது.

இது என்ன நோய்?

ஆண்குறிப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை மேற்றோலின் தட்டையான கலங்களில் தொடங்குகின்றன. முன்தோலின் உட்புறமும் ஆண்குறியின் மொட்டுமே அது அதிகம் தோன்றும் இடங்கள். உலகம் முழுவதிலும் 2020ஆம் ஆண்டில் ஏறக்குறைய 36,000 பேருக்கு இது புதிதாக ஏற்பட்டதாகக் கணிக்கப்பட்டது. மற்றப் புற்றுநோய்களோடு பார்த்தால் இது சிறிய தொகை. மேற்கு ஐரோப்பாவில் அரிது. இந்தியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய இடங்களின் வறிய மக்களிடையே கூடுதல். ஐம்பது வயதைக் கடந்தவர்களையே பெரும்பாலும் பிடிக்கிறது. எனினும் இளையவர்களுக்கும் வருவதுண்டு.

காரணங்கள் பல. முன்தோல் இறுகிப் பின்னுக்கு இழுபடாமல் இருப்பது முக்கியமான ஒன்று. அங்கே அழுக்குத் தேங்கி, அழற்சி அடிக்கடி ஏற்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இத்தகைய அழற்சியும் தோல் இறுக்கமும் எளிதில் வரும். தோல் வெளிறித் தழும்புபோலத் தடிக்கும் நாட்பட்ட தோல் நோயொன்றும், புகைத்தலும் ஏனைய காரணங்கள். பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்னும் வைரஸ், ஏறத்தாழப் பாதி நோயாளரின் கட்டிகளில் காணப்படுகிறது. சிறுவயதிலேயே சுன்னத்துச் செய்யும் சமூகங்களில் இந்நோய் மிக அரிது.

எச்.பி.வி. உடலுறவின் மூலம் தொற்றும் என்பது உண்மை. ஆனால் அது மிகச் சாதாரணமான வைரஸ். ஆணோ பெண்ணோ வாழ்நாளில் ஒரு தடவையேனும் அது தொற்றாதவர் குறைவு. பெரும்பாலோரின் உடல் அதைத் தானே அகற்றிவிடும். மீதிப் பாதிப் பேரின் கட்டிகளிலோ அந்த வைரஸே இல்லை. ஆகவே இந்நோய் வந்தவரை ஒழுக்கம் தவறியவர் என்று சொல்ல எவருக்கும் இடமில்லை. புற்றுநோய் மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை.

எதைக் கண்டால் போக வேண்டும்?

• ஆறாத புண், அல்லது பாலுண்ணி போன்ற வளர்ச்சி
• தோல் தடித்தல், சிவந்து அல்லது நிறம் மாறிப் படர்தல்
• முன்தோலுக்குக் கீழிருந்து இரத்தம் அல்லது மணமுள்ள நீர் வருதல்
• முன்பு இழுபட்ட முன்தோல் இப்போது இறுகிப்போதல்
• கவட்டில் நெறி கட்டி, அது வற்றாமல் இருத்தல்

இவற்றில் பல புற்றுநோயல்லாத சிறு நோய்களாலும் வரலாம். அதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். நோவில்லை என்று சும்மா இருக்கக் கூடாது. இந்நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. மருந்து பூசியும் நான்கு கிழமைக்குள் ஆறாத எந்தப் புண்ணையும் வைத்தியர் பார்த்தேயாக வேண்டும். கடையில் களிம்பை மாற்றி மாற்றி வாங்குவது காலத்தைக் கடத்தும் வேலை.

வைத்தியசாலையில் என்ன நடக்கும்?

நமது விவசாயியின் சாரத்துக் கறையை ஒரு நாள் மனைவி கண்டுவிடுகிறார். அவர் சண்டை பிடிக்கவில்லை. "ஏனப்பா இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை? நாளைக்கே ஆசுப்பத்திரிக்குப் போவம்" என்கிறார். அந்த ஒரு வார்த்தையே அவருக்குக் கிடைத்த முதல் மருந்து.

வைத்தியர் திரைக்குப் பின்னால் வைத்து, புண்ணையும் இரு கவடுகளையும் தடவிப் பார்ப்பார். பெண்கள் நிற்பது கூச்சமென்றால் அதைச் சொல்லலாம். பின்பு புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். விறைக்கும் ஊசி போட்டே எடுப்பார்கள். புற்றுநோய் என்பதை உறுதி செய்வது இந்தப் பரிசோதனைதான்.

சிகிச்சை நோயின் ஆழத்தைப் பொறுத்தது. மேற்றோலோடு நிற்கும் ஆரம்ப நிலையில், வைத்தியர் தரும் விசேட களிம்போ லேசர் கதிரோ போதுமாகலாம். முன்தோலில் மட்டும் இருந்தால் அதை அகற்றுவதோடு முடியலாம். மொட்டில் ஆழமாக இறங்கியிருந்தால் மொட்டையோ நுனிப்பகுதியையோ எடுக்க வேண்டும். மிகவும் பிந்தியவர்களுக்கே முழு உறுப்பையும் எடுக்க வேண்டி வருகிறது.

அடுத்து வைத்தியர்கள் கவனிப்பது கவட்டை. இந்நோய் முதலில் பரவுவது அங்குள்ள நிணநீர்க் கணுக்களுக்கே. 1977இல் றாமோன் கபானாஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஆண்குறிப் புற்றுநோயாளரை ஆராய்ந்து, நோய் முதலில் போய்ச் சேரும் "காவற் கணு" ஒன்று உண்டு என்று எழுதினார். அந்தக் கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை இன்று மார்புப் புற்றுநோயிலும் உலகெங்கும் கையாளப்படுகிறது. கணுக்களுக்கு நோய் பரவாதிருந்தால், சிகிச்சை பெற்ற பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேர் ஐந்து வருடங்களுக்குப் பின்னும் உயிரோடிருக்கிறார்கள். இடுப்புக்குள் உள்ள கணுக்கள் வரை பரவிவிட்டால் தப்புவோர் சிலரே. ஒரு வருடத் தாமதத்தின் விலை இதுதான்.

இலங்கையில் மஹரகம, தெல்லிப்பழை, கண்டி, மட்டக்களப்பு முதலிய இடங்களின் அரசாங்க வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. சிகிச்சைக்குக் கட்டணமில்லை. அருகிலுள்ள வைத்தியசாலையில் காட்டினால் அவர்களே கடிதம் தந்து அனுப்புவார்கள்.

மீண்டும் வாழ்தல்

நமது விவசாயிக்கு நுனிப்பகுதி அகற்றப்படுகிறது. சில நாட்களுக்குச் சிறுநீர் குழாய் வழியே போகிறது. வீடு வந்த பின் அவர் எவருடனும் கதைக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். "நான் இனி ஆம்பிளையோ?" என்ற கேள்வி அவரை அரிக்கிறது. இதை அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஆகவே நாமே பதில் சொல்வோம்.

ஆண்மைக்குரிய சுரப்பு விதைகளிலிருந்தே வருகிறது. இந்தச் சத்திரசிகிச்சையில் விதைகளை எடுப்பதில்லை. எனவே குரல், மீசை, தசைப் பலம், ஆசை எதுவும் அதனால் போய்விடுவதில்லை. நுனியை மட்டும் இழந்தவர்களில் பலர் காயம் ஆறிய பின் தாம்பத்திய உறவு கொள்கிறார்கள். போதிய நீளம் எஞ்சியிருந்தால் நின்றபடியே சிறுநீர் கழிக்கலாம். சிதறினால் இருந்து கழிப்பது சுலபம். முழுவதும் எடுக்கப்பட்டவருக்கு விதைப்பைக்குப் பின்னால் புதிய வழி அமைப்பார்கள். அவர் இருந்தே கழிக்க வேண்டும். அடக்கும் சக்தி பொதுவாகக் கெடுவதில்லை.

கவட்டுக் கணுக்கள் எடுக்கப்பட்டவர்களுக்குக் கால் வீங்கலாம். அவர்கள் படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். சேற்றில் வெறுங்காலோடு இறங்கிக் காயப்படக் கூடாது. சிறு கீறலும் அந்தக் காலில் வேகமாகப் பழுக்கும். காலில் சிவப்பும் சூடும் காய்ச்சலும் கண்டால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

முதல் இரண்டு வருடம் பொதுவாக மூன்று மாதத்துக்கொரு தடவையும், பின்பு ஐந்து வருடம் முடியும்வரை ஆறு மாதத்துக்கொரு தடவையும் கிளினிக் போக வேண்டியிருக்கும். விதைப்பு, அறுவடை என்று தவறவிடக் கூடாது. நோய் திரும்பினாலும் வேளைக்குக் கண்டால் மீண்டும் சிகிச்சை செய்யலாம்.

மனம் தேறுவது உடல் தேறுவதைவிட மெதுவாகவே நடக்கும். தூக்கமின்மை, கோபம், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மனைவி அவரை ஒதுக்காமல், அதேவேளை குழந்தைபோல் நடத்தாமல், வீட்டு அலுவல்களில் முன்போலவே அபிப்பிராயம் கேட்பது பெரிய உதவி. மனைவியும் தன் உடலைக் கவனிக்க வேண்டும். சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்யலாம்.

வராமல் காக்க

தினமும் குளிக்கும்போது முன்தோலைப் பின்னுக்கு இழுத்துத் தண்ணீரால் கழுவ வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயல்பு. பலவந்தமாக இழுக்கக் கூடாது. வளர்ந்த பின்னும் இறுகியிருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பீடி, சிகரெட்டை விட வேண்டும். இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஏற்றப்படுகிறது, பெற்றோர் அதற்குத் தடை சொல்லக் கூடாது.

நமது விவசாயி இப்போது வயலுக்குப் போகிறார். காலில் நீண்ட சப்பாத்து. மாலையில் கொஞ்சம் வேளைக்கே திரும்பிவிடுகிறார். ஒரு நாள் தேநீர்க் கடையில் பக்கத்து வயல்காரர் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் அங்கே ஒரு புண், ஆறுதில்லை" என்கிறார். மறுநாள் காலை இருவரும் ஒரே பஸ்ஸில் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். தாம் வீணாக்கிய ஒரு வருடத்தை மற்றவர் வீணாக்கவில்லை என்பது அவருக்கு ஒரு பெரிய ஆறுதல்.