தட்டுகிறவருக்கு மட்டும் கேட்கும் பாட்டு

ஒரு சின்னச் சோதனை. உங்களுக்குப் பிடித்த பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். உடனே சொல்லிவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி 1990-இல் இதைச் செய்து பார்த்தார். கேட்பவர்கள் பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டியவை 120 பாட்டுகள். கண்டுபிடித்தவை மூன்றே மூன்று! தட்டுகிறவர் மனதில் பாட்டு முழுவதும் ஓடுகிறது. கேட்கிறவர் காதில் விழுவதோ வெறும் ‘டொக் டொக்’. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று அடுத்தவருக்குத் தெரியாது என்பதை நம் மூளை எளிதில் உணர்வதில்லை.

கணினி விளையாட்டை உருவாக்குகிறவரும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார். கதவு எங்கே, சாவி எங்கே என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புதிதாக விளையாடுகிறவருக்கோ தெரியாது.

வால்வ் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘போர்ட்டல்’ ஒரு புதிர் விளையாட்டு. அதன் ஒரு கட்டத்தில் பெட்டி ஒன்றைக் கடைசிவரை கூடவே தூக்கிப் போக வேண்டும். ஆனால் சோதித்துப் பார்க்க வந்தவர்கள் அதை வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். உருவாக்கியவர்கள் அவர்களைக் குறை சொல்லவில்லை, பெட்டியை மாற்றினார்கள். அதன் பக்கங்களில் இதயம் வரைந்தார்கள். ‘இது உன் தோழன், பத்திரமாகப் பார்த்துக்கொள்’ என்பதுபோல விளையாட்டில் வரும் குரலைப் பேசவைத்தார்கள். விளையாடியவர்களுக்குப் பெட்டிமேல் பாசமே வந்துவிட்டது! பிறகு அது கடைகளில் பஞ்சுப் பொம்மையாகவும் விற்றது.

எல்லாம் முடிந்தபின் தவறு தெரிந்தால் திருத்துவது பெரும் வேலை. அதனால்தான் பலர் முதலில் காகிதத்தில் கட்டம் போட்டு, அட்டைத் துண்டுகளை வைத்து விளையாடவிட்டுப் பார்க்கிறார்கள். பிழை இருந்தால் அழிரப்பர் போதும். மற்றவர்கள் விளையாடும்போது உருவாக்கியவர் வாய் திறக்கவே கூடாது. விளையாட்டை வாங்கிப் போகிறவர் வீட்டுக்கெல்லாம் அவர் கூடவே போய் விளக்க முடியாதல்லவா? ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்பதிலும் அதிகப் பயன் இல்லை. நண்பர்கள் ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். கண் எங்கே தேடுகிறது, கை எங்கே தயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த விடுமுறையில் நீங்களும் ஒரு அட்டை விளையாட்டு செய்யுங்கள். காய்க்குப் புளியங்கொட்டை போதும். வண்ணம் தீட்டுவதற்கு முன்பே, அதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை விளையாடச் சொல்லுங்கள். அவர் எங்கே விழிக்கிறாரோ, அந்த இடத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.