கோட்டையைக் காத்த குரல்

கோட்டை என்றதும் உயரமான கல் மதில்தானே உங்களுக்கு நினைவு வரும், குழந்தைகளே? ஜப்பானில் உள்ள நாகஷினோ கோட்டைக்குப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். மதிலும் இல்லை, கோபுரமும் இல்லை. புல் முளைத்த மண்மேடும் அகழியும்தான் மிச்சம்!

15-ம் நூற்றாண்டில் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானியக் குறுநிலத் தலைவர்கள் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லைகளில் மண்ணாலும் மரத்தாலும் கோட்டைகள் கட்டினார்கள். அவை இன்று ஒருவர் கையில், நாளை இன்னொருவர் கையில்! 1508-ல் கட்டப்பட்ட நாகஷினோவும் அப்படித்தான் கைமாறியது. இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், செங்குத்தான கரைமேல் இருந்ததால் அதைப் பிடிப்பது லேசல்ல.

1575-ல் தகேடா கட்சுயோரி சுமார் 15,000 வீரர்களுடன் அதை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்களோ சுமார் 500 பேர். அவர்களின் தலைவர் ஒகுடைரா சதமாசாவுக்கு வயது இருபதுதான் இருக்கும். உணவுக் கிடங்கும் போய்விட்டது. டோகுகவா இயேயாசுவிடம் உதவி கேட்கவேண்டும். ஆனால், யார் வெளியே போவது?

டோரி சுனேமோன் என்ற சாதாரண வீரர் முன்வந்தார். இரவில் ஆற்றில் இறங்கி, காவலர் கண்ணில் படாமல் நீந்திப் போனார். பிறகு மலைமேல் தீ மூட்டிப் புகையெழுப்பினார். தப்பிவிட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம்! ஒகசாகியில் இயேயாசுவையும் அவருடைய கூட்டாளி ஓடா நொபுனாகாவையும் கண்டார். படை வரும் என்று உறுதி கிடைத்தது. அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால், சேதி சொல்லத் திரும்பினார், எதிரிகளிடம் சிக்கிக்கொண்டார்.

உதவி வராது என்று கோட்டைக்குக் கேட்கும்படி கத்தினால் உயிர்ப்பிச்சை தருவதாகச் சொன்னார்களாம். சரி என்று தலையாட்டினார் சுனேமோன். கோட்டைக்கு எதிரே நிறுத்தியதும், படை வந்துகொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள் என்று உரக்கக் கூவினார்! அவரைச் சிலுவையில் கட்டிக் கொன்றார்கள்.

கோட்டை விழவில்லை. சில நாளில் உதவிப்படை வந்தது. மர வேலிகளுக்குப் பின்னால் நின்ற துப்பாக்கி வீரர்கள் தகேடா படையைச் சிதறடித்தார்கள். இதில் ஓர் ஆச்சரியம்: தகேடா படையைச் சேர்ந்த ஒச்சியாய் என்ற வீரர், சுனேமோனின் துணிச்சலை வியந்து, சிலுவையில் கட்டுண்ட அவருடைய உருவத்தையே தன் போர்க்கொடியில் வரையச் செய்தார்.

1576-ல் ஒகுடைரா வேறு கோட்டைக்கு மாறிவிட, நாகஷினோ கைவிடப்பட்டது. இப்போது கோட்டை இருந்த நிலத்தின் ஊடாகவே ரயில் ஓடுகிறது. அந்தப் பாதையில், பக்கத்திலேயே உள்ள ஒரு ரயில் நிலையத்தின் பெயர், டோரி.