மல்லாட்டை என்றால் சிரிக்காதீர்கள்!

கள்ளக்குறிச்சிப் பையன் ஒருவன் சென்னைக்குப் படிக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் கடற்கரைக்குப் போகிறான். "மல்லாட்டை என்ன விலை?" என்று கேட்கிறான். கூட வந்த நண்பர்கள் கொல்லென்று சிரிக்கிறார்கள். மறுநாள் முதல் அவன் "வேர்க்கடலை" என்று சொல்லப் பழகிக்கொள்கிறான். ஒரு சொல் போயிற்று!

மல்லாட்டை கொச்சைப் பேச்சு அல்ல. மணிலாக்கொட்டை என்பதுதான் மல்லாக்கொட்டையாகி, பிறகு மல்லாட்டை ஆயிற்று. நிலக்கடலை தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர். கடல் கடந்து வந்த அந்தப் பயிருக்குப் பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைச் சூட்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் சொந்தமாக்கிக்கொண்டார்கள். மதுரைக்காரருக்கு அது வெறும் கடலை. யாழ்ப்பாணத்தாருக்கோ கச்சான்!

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே தென் மாநிலங்களில் கடலைக்கு "கூபர்" என்று ஒரு பெயர் உண்டு. ஆப்பிரிக்காவின் காங்கோப் பக்கத்திலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் "இங்குபா" என்ற சொல்தான் அப்படி ஆயிற்று. கட்டிய துணிகூடச் சொந்தமில்லாதவர்கள் கொண்டுபோன சொத்து அது.

அமெரிக்கர்கள் இத்தகைய சொற்களைத் தேடி 1965 முதல் 1970 வரை ஊர் ஊராக வண்டியில் அலைந்தார்கள். 1,002 ஊர்களில் விசாரித்தார்கள். தலைமை தாங்கியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரடெரிக் காஸிடி. அகராதியின் முதல் பாகம் 1985லும், ஐந்தாம் பாகம் 2012லும் வெளிவந்தன. காஸிடி 2000லேயே காலமாகிவிட்டார். கடைசி எழுத்தான இசட்டை நோக்கி நடப்போம் என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்!

நம் பக்கத்தில் கரிசல் சொற்களுக்குக் கி.ராஜநாராயணனும், கொங்குச் சொற்களுக்குப் பெருமாள்முருகனும் அகராதி செய்தார்கள். கள்ளக்குறிச்சியை உள்ளடக்கிய நடுநாட்டுக்கு அந்த வேலையைச் செய்தவர் ஒரு பஸ் மெக்கானிக்! விருத்தாசலம் அருகே மணக்கொல்லையைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். அவர் ஊர்ப் பெயரிலேயே ஒரு வட்டாரச் சொல் இருக்கிறது பாருங்கள். தஞ்சாவூரில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். இங்கே கம்பும் கடலையும் விளையும் புன்செய் நிலம்.

சொல்லின் பொருள் தெரியாவிட்டால் மனிதரையே தவறாக எண்ணிவிடுகிறோம். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். மலையில் வாழ்பவர் என்பதே பொருள். அரசாங்கப் பட்டியலிலும் அதே பெயர்தான். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்வார்கள். பேசுவதும் தமிழே. ஆனால் மலையிறங்கி வந்து, "நாங்கள் மலையாளிகள்" என்று சொல்லிப் பார்க்கட்டும். "கேரளத்தில் எந்த ஊர்?" என்று கேட்க ஆள் இருக்கிறது!