கண்ணாடி டீபாட் வாங்குமுன்

முழு இலைத் தேயிலையை வெந்நீரில் ஊறவைத்து அருந்துவதற்குக் கண்ணாடி டீபாட் ஏற்றது. இலை விரிவதையும் நிறம் இறங்குவதையும் கண்ணாலேயே காணலாம். ஆனால் அழகை மட்டும் பார்த்து வாங்கலாகாது. கொதிநீர் பட்டுக் கண்ணாடி உடைந்தால், அருகில் நிற்கும் பிள்ளைகளுக்கன்றோ ஆபத்து!

முதலாவது, கண்ணாடியின் வகை. வெப்பத்தினால் சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே போரோசிலிக்கேட் கண்ணாடி விரியும். ஆகையால் எளிதில் விரிசல் காணாது. பெட்டியின்மேல் அப்பெயர் உள்ளதா என்று பாருங்கள். ஆயினும், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அதில் கொதிநீர் ஊற்றாதீர்கள். அனுமதி குறிப்பிடப்படாவிடில் அடுப்பிலும் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது, வடிகட்டி. ஊறும் இலை நன்கு பருக்குமாதலால், அடிவரை இறங்கும் அகன்ற வடிகட்டியே தேவை. 200 மில்லி நீருக்கு 2 அல்லது 3 கிராம் இலை போதும். கறுப்புத் தேயிலையானால் 3 முதல் 5 நிமிடங்களில் வடிகட்டியை வெளியே எடுத்துவிடுங்கள், தாமதித்தால் கசக்கும்.

மூன்றாவது, மூக்கு. அதன் நுனி டீபாட்டின் விளிம்பைவிடத் தாழ்ந்திருந்தால், நிரம்புமுன்பே வெந்நீர் வழியும். சாய்க்கையில் மூடி விழாதிருப்பதும் அவசியம்.

இம்மூன்றும் பொருந்தினால் வாங்குங்கள். இல்லையெனில், வீட்டிலுள்ள எவர்சில்வர் பாத்திரமும் வடிகட்டியுமே போதுமானவை.