கொப்புளத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் துரு நிற்குமா?

டிராக்டர் டிரெய்லரிலும் சிறு சரக்கு வண்டியிலும் பெயிண்ட் ஆங்காங்கே கொப்பளித்து எழும்புவதை உழவர் பெருமக்கள் பார்த்திருப்பார்கள். அறுவடைக்கு முன் ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி, கொப்புளத்தின் மேலேயே அடித்துவிடுவது பலருக்கும் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் அதே இடத்தில் முன்னிலும் பெரிய கொப்புளம் கிளம்பும். பெயிண்ட் மட்டமானது என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். வேர் அழுகிய பயிரின் இலைக்குப் பச்சைச் சாயம் பூசினால் பயிர் பிழைக்குமா? கொப்புளம் அடையாளம்தான், நோய் அதன் அடியில் இருக்கிறது.

கொப்புளம் ஏன் எழும்புகிறது?

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகும். மண்வெட்டி உரசியோ, கல் பட்டோ பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும். அதன் வழியே ஈரம் உள்ளே இறங்கி, பெயிண்டுக்கு அடியில் பக்கவாட்டில் பரவும். துரு, தான் உண்டான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். இடம் போதாமல் அது பெயிண்டை மேலே தள்ளுகிறது. அதுவே கொப்புளம். ஆகவே வெளியே மிளகளவு தெரிந்தால் உள்ளே அதைவிடப் பெரிய இடத்தில் துரு இருக்கும்.

விவசாய வண்டிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். நாம் ஏற்றும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகும். 50 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கிறது. இது துருப்பிடிப்பதை வேகப்படுத்தும். மூட்டையிலிருந்து சிந்திய உரத்தூள் தகட்டின் இடுக்கில் தங்கி, இரவுப் பனியின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமான தொழு உரமும் சேறும் மூலைகளில் அப்பிக் கிடந்தாலும் இரும்பு காயவே காயாது.

எங்கே பார்க்க வேண்டும்?

மேல்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. அடித்தகடு பக்கப்பலகையுடன் சேரும் ஓரம், கீழே தாங்கும் குறுக்குச் சட்டங்கள், பின்கதவின் கீல், மட்கார்டின் உள்பக்கம், டிராக்டருடன் இணைக்கும் கொக்கியும் அதன் வெல்டிங்கும் ஆகிய இடங்களைச் சோதிக்க வேண்டும். டிரெய்லரைத் தூக்கி நிறுத்தியோ, தனியாக ஜாக்கியில் தாங்கியோ அதன் அடியில் நுழையக் கூடாது. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிராக்டரின் எஞ்சினை நிறுத்திய பின்பே பார்க்க வேண்டும்.

சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகட்டில் மந்தமான ஓசை வரும், செதில் உதிரும். பிறகு திருப்புளியால் அழுத்துங்கள். உள்ளே இறங்காவிட்டால் நாமே சரி செய்யலாம். இறங்கினால் பட்டறைக்குப் போக வேண்டும்.

சரி செய்யும் முறை

1. சோப்பு நீரால் உரமும் எண்ணெயும் போகக் கழுவி, நன்றாக உலர விடவும். ஈரமும் உப்பும் தங்கிவிட்டால் மற்ற வேலை அனைத்தும் வீண்.

2. கொப்புளத்தைச் சுரண்டி எடுத்து, கம்பி பிரஷால் தேய்க்கவும். பிறகு 80 எண் உப்புத்தாளால், இரும்பு பளபளப்பாகத் தெரியும் வரை தேய்க்க வேண்டும். கொப்புளத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு, கெட்டியாக ஒட்டியிருக்கும் பெயிண்ட் வரும் வரை தேய்ப்பது முக்கியம். அந்த ஓரத்தை 220 எண் தாளால் சரிவாக்கிவிடவும். கண்ணாடி அணிந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளவும். மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்காமல், நீர் படும் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, பின் உலர்த்தவும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

3. குழிகளில் எட்டாத துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றித் திரவம் கடைகளில் கிடைக்கும். டப்பாவில் சொல்லியபடி, கையுறை அணிந்து தடவவும். உதிரும் துருவின் மேல் இதைத் தடவுவதில் பயனில்லை.

4. தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அன்றே பிரைமர் பூச வேண்டும். தேய்த்த இரும்பை இரவுப் பனியில் விட்டால் காலையில் மீண்டும் துரு பூத்திருக்கும். ரெட் ஆக்சைடு அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமரை மெல்லிய பூச்சாக இரு முறை பூசவும்.

5. பிரைமர் காய்ந்த பிறகு எனாமல் பெயிண்டை இரு முறை மெல்லியதாக அடிக்கவும். ஒரே முறையில் தடிமனாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே காயாமல் சுருங்கும்.

வேலை குறைவான பங்குனி, சித்திரை மாதங்கள் இதற்கு ஏற்றவை. பனி நீர் உலர்ந்த பிறகு தொடங்கவும். தகடு கை வைக்க முடியாத அளவு சுடும்போது பெயிண்ட் அடிக்கக் கூடாது. நிழலில் நிறுத்தி அடிக்கலாம்.

பட்டி போட்டு மறைக்காதீர்கள்

ஓட்டை விழுந்த தகட்டில் பட்டி வைத்து அடைத்தால் பார்வைக்குச் சரியாகத் தோன்றும், பாரம் தாங்காது. குறுக்குச் சட்டமும் கொக்கியும் அரித்திருந்தால், அரித்த பகுதியை வெட்டி எடுத்து நல்ல இரும்பு வைத்து, அனுபவமுள்ள பட்டறைக்காரரைக் கொண்டு வெல்டிங் செய்வதே முறை. நெல் மூட்டையுடன் டிரெய்லர் சாலையில் கழன்றால் நெல் மட்டுமா போகும்? பின்னால் சைக்கிளில் வருபவரின் உயிரையும் நினைக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் தகட்டின் மறுபக்கப் பெயிண்டும் கருகிவிடும். அங்கும் தேய்த்துப் பிரைமர் பூச மறக்கக் கூடாது.

பழைய டிரெய்லரோ வண்டியோ வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. புதுப்பெயிண்ட் அடித்து விற்பனைக்கு வந்தால் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைத் தகட்டில் ஓட்டிப் பாருங்கள். பட்டி தடிமனாக உள்ள இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது.

வராமல் காக்க

உரம் ஏற்றும்போது தார்ப்பாய் விரித்து, அதன் மேல் மூட்டையை அடுக்குங்கள். இறக்கிய அன்றே பெருக்கிக் கழுவி, பின்கதவைத் திறந்து காய விடுங்கள். நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் குத்திவிடுங்கள். கீறல் கண்டவுடன் சிறிது பிரைமர் தொட்டு வையுங்கள். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைத் தகட்டில் பூசுவது நல்லதல்ல. அது மண்ணிலும் விளைபொருளிலும் ஒட்டும். பின்னால் பெயிண்டும் பிடிக்காது.

இரும்பு அரிப்பை ஆராய நம் மாநிலத்திலேயே, காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கி வருகிறது. அவ்வளவு பெரிய ஆய்வுக்குரிய இந்தப் பகையைத் தொடக்கத்தில் தடுக்க உழவருக்கு வேண்டியவை ஒரு கம்பி பிரஷ், இரண்டு உப்புத்தாள், ஒரு சிறு டப்பா பிரைமர், அரை நாள் உழைப்பு. அடுத்த உர லோடு ஏற்றுவதற்கு முன் உங்கள் டிரெய்லரைத் தட்டிப் பாருங்கள்.