வகுப்பறையும் பதிப்புரிமையும்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தை ஆண்டு மலரின் அட்டையில் வெளியிட மாணவர் விரும்புவது இயல்பே. பல்லவச் சிற்பியின் கைவண்ணம் இன்று அனைவர்க்கும் பொது; ஆயின் அதனை ஒருவர் எடுத்த ஒளிப்படம் எடுத்தவரது உடைமை. சீறாப்புராணத்திற்கும் இதுவே முறை. உமறுப்புலவரின் பாடல்களை எவரும் அச்சிடலாம். அண்மையில் எழுதப்பட்ட உரையை அவ்வாறு எடுத்தாள இயலாது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, நூலாசிரியரின் வாழ்நாள் முழுமையும், அவர் மறைந்த ஆண்டின் இறுதியிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். இவ்வேலிக்குள் கல்விக்கென ஒரு வாயிலைத் திறந்து வைத்திருப்பது 52ஆம் பிரிவு. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுக்கலாம். தேர்வு வினாத்தாளிலும் சேர்க்கலாம்.

அவ்வாயில் எவ்வளவு அகலமானது என்பது தில்லியில் வழக்காயிற்று. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகங்கள், தில்லிப் பல்கலைக்கழகத்தின்மீதும் அதன் வளாகத்து ஒளிநகல் கடையின்மீதும் 2012இல் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்திற்குரிய பகுதிகளைப் பல நூல்களினின்று நகலெடுத்துத் தொகுத்து விற்றதே குற்றச்சாட்டு. விலைமிக்க நூல்களை வாங்க இயலாத மாணவரும் வழக்கில் தம்மை இணைத்துக்கொண்டனர். 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுக்கலாம் என்றது. ஆயினும் அத்தேவையை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்களே வழக்கினைத் திரும்பப் பெற்றன.

ஏழை மாணவர்க்கு இது நற்செய்தியே. எனினும் கைப்பொருள் செலவிட்டுச் சிறு கவிதை நூல் வெளியிடும் நம் தமிழ்க் கவிஞர் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் அல்லர். அவர் நூலை முழுமையாக நகலெடுத்து வகுப்பினர்க்கெல்லாம் வழங்குவது ‘தேவையான அளவு’ ஆகுமா? ஆகாது என்பதே என் கருத்து. பிறர் உழைப்பு நம் கையிலுள்ள அமானிதம்.

கல்லூரி மேடைக்கும் சலுகையுண்டு. ஆசிரியரும் மாணவரும் நடிக்க, அவர்களும் பெற்றோரும் கல்லூரிப் பணிகளோடு தொடர்புடையோரும் மட்டுமே காண்பாராயின், பிறர் நாடகத்தையும் இசைவு பெறாது நடிக்கலாம். செங்கற்பட்டில் மண்டபம் பிடித்து ஊரார்க்குச் சீட்டு விற்றால் அச்சலுகை போயிற்று. ‘சிவகாமியின் சபதம்’ பற்றிக் கவலை வேண்டா; 1954இல் மறைந்த கல்கியின் எழுத்துக்கு உரிமைக்காலம் 2014உடன் முடிந்தது. அதனைப் பிறர் நாடகமாக்கிய வடிவம் மட்டும் வேறு.

இம்மலரோ வகுப்பறையன்று. வாழும் கவிஞரின் முழுக் கவிதையை இதில் சேர்க்க அவரது எழுத்து வழி இசைவு வேண்டும். முன்கூட்டியே ஓர் அஞ்சலட்டை எழுதினால் போதும். மலரில் ஒரு படி அனுப்புங்கள் என்பதற்குமேல் பெரும்பாலோர் எதுவும் கேட்பதில்லை.