போர்முனை பழகியது, வீடுதான் பழகவில்லை!

போடிநாயக்கனூர்:

விடியற்காலை நேரம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப், தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிறது. போடிக்காரர்களுக்கு இது தினசரி சத்தம். பட்டாளத்தில் இருந்து திரும்பிய மனுஷனுக்கு? படக்கென்று எழுந்து பூட்சைத் தேடுவார். "ஜீப்புதாங்க... படுங்க" என்று மனைவி சொல்ல வேண்டி இருக்கும்.

சிப்பாய்க்கு 15 வருஷ சர்வீஸ் முடிந்தாலே பென்ஷன் உண்டு. அதனால் பலர் 40 வயதைத் தொடும் முன்பே வீடு வந்து சேருகிறார்கள். வந்த பிறகுதான் கஷ்டமே ஆரம்பம்!

வீட்டில் விருந்தாளி

வருஷத்துக்கு 2 மாசம் லீவில் வந்தபோது ராஜ உபசாரம். மிலிட்டரி கேன்டீன் பாட்டிலுக்காகச் சுற்றி வந்த சொந்தக்காரர்களுக்கும் குறைச்சல் இல்லை. நிரந்தரமாக வந்ததும் எல்லாம் மாறிப்போகும். ரேஷன், ஸ்கூல் பீஸ், மாமியார் வைத்தியம், சீட்டுப் பணம் என்று இத்தனை காலமும் தனியாளாகச் சமாளித்தவள் மனைவி. ஏலக்காய் தரம் பிரிக்கிற கூலி வேலைக்கும் போய் வந்திருப்பாள். இப்போது இவர் வந்து ஆர்டர் போட்டால் வீடு கேட்குமா? பிள்ளை பாட்டி முந்தானைக்குள் ஒளிந்து எட்டிப் பார்க்கிறது.

வாய் திறக்க முடியாத படை

இதைவிடக் கொடுமை, இலங்கைக்குப் போன அமைதிப்படை வீரர்களின் கதை. 1987 ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தி - ஜெயவர்த்தனா ஒப்பந்தம். மறுநாளே படை போய் இறங்கியது. அமைதி காக்கப் போன படை, அக்டோபரில் விடுதலைப்புலிகளுடன் மோதியது. இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர் மாண்டார்கள். ஈழத்தமிழ் ஜனங்களும் ஏராளமாகச் செத்தார்கள்.

1990 மார்ச் 24-ந் தேதி கடைசிப் படை திரிகோணமலையை விட்டுக் கிளம்பியது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு அப்போதைய முதல்-அமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படைக்கு வரவேற்பா என்பதுதான் காரணம்.

அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். அங்கே அவர்கள் காதில் விழுந்த அழுகையும் தமிழில்தான்! ஊர் டீக்கடையில் அதை எப்படிச் சொல்வது? "நம்ம ஆளுகளையே சுட்டியாய்யா?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால்? வாயை மூடிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. சண்டையில் என்ன நடந்தது என்று கட்டிய மனைவியிடம் கூடச் சொல்லாதவர்கள் உண்டு.

வெட்கம் எதற்கு?

கோவில் வேட்டுச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுவது, காரணம் இல்லாமல் எரிந்து விழுவது, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பது... இதெல்லாம் திமிர் அல்ல. மனசில் பட்ட காயம். பென்ஷன் பேப்பருக்காக ஆபீஸ் ஆபீசாக அலையக் கூச்சப்படாதவர், தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போக மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

2022-ல் மத்திய அரசு "டெலி மானஸ்" என்ற மனநல உதவியைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது. அவர் பேசத் தயங்கினால், வீட்டுக்காரம்மா பேசினாலும் கேட்பார்கள்.